ரெண்டு மெஷின், ஒரு இத்தாலிக்காரர்

மறுபடியும் ஃபியூஸ் போனது. மிக்சி பாதித் தேங்காயோடு நின்றது. குளியலறை இருட்டிலிருந்து மோகனப்ரியா அம்மாவைக் கூப்பிட்டாள். கீழ்வீட்டில் பூவம்மாளின் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு நடுவரியில் அறுந்தது. அடுக்களை மேடைமேல் இருந்த இத்தாலி மெஷின் மட்டும், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல், புஸ்ஸென்று மிச்ச ஆவியை விட்டுக்கொண்டிருந்தது.

அழகர்சாமி பனியனோடு நாற்காலியில் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். கம்பி சுற்ற இப்போது வெளிச்சம்கூடத் தேவைப்படவில்லை. கை பழகிவிட்டது.

"ஜி.எம். வர்ற நேரமாச்சு" என்றாள் ராஜலட்சுமி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

அழகர்சாமி ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டீ குடிப்பவர்; காபி அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தொழிற்சாலைக்குப் பொருள் விற்க வருகிறவர்களிடம் ஒரு டைரி, ஒரு காலண்டர்கூட வாங்காதவர் என்று பெயர். அவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை தீர்ந்துபோனதோ என்னவோ, மேலதிகாரிகளிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஜி.எம். ஜெகதீஷ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். இத்தாலிக் கம்பெனியோடு செய்த ஒப்பந்தப்படி அங்கிருந்து ஒரு நிபுணர் குடும்பத்தோடு ஓசூருக்கு வரப்போகிறார். மத்திகிரியில் அவருக்கு வீடு பார்த்தாகிவிட்டது. கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின் எல்லாம் ரெடி. அந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். வீட்டில் நல்லதாக ஓர் எஸ்பிரஸோ மெஷின் வேண்டும்.

பெங்களூரில் விசாரித்து இரண்டு மெஷின்களை ஜி.எம். பொறுக்கி வைத்திருந்தார். ஒன்று இத்தாலியில் செய்தது. பித்தளையும் எஃகுமாகக் கோயில் வாகனம்போலப் பளபளக்கும். கொட்டையை அரைத்து, கைப்பிடியில் நிரப்பி, அமுக்கி, மாட்டி, நெம்புகோலை இழுத்தால் காபி வரும். மற்றது சுவிட்சர்லாந்தில் செய்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும். ஆனால் சின்னத் திரை வழியாக நம்மிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டின் விலையும் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளைத் தாண்டும். எதை வாங்குவது என்று அழகர்சாமி முடிவு செய்ய வேண்டும்.

ஆபீஸ் பேன்ட்ரியில் வைத்துப் பார்த்துவிடலாமே என்றார் அழகர்சாமி.

"வீட்டு மெஷின வீட்டுல வெச்சுத்தான் பாக்கணும் அழகர். ஆபீஸ்ல வெச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். எங்க வீட்டுல பெயின்ட் வேலை நடக்குது, இல்லாட்டி அங்கயே வெச்சிருப்பேன். உங்க வீடு பாகலூர் ரோட்டுலதான, நான் காலைல வாக்கிங் வர்ற வழி."

பரீட்சார்த்தமாக ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஏஜென்ட்டுகளும் ஒத்துக்கொண்டார்கள். மெஷின் வந்த வேனை எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்தி, பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். டிரைவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அழகர்சாமி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், இது காபி போடுவது என்று விளக்கினார். காபி போட இவ்வளவு பெரிய சாமான் எதற்கு என்று அங்கிருந்தவர் நியாயமாகத்தான் கேட்டார்.

ராஜலட்சுமியின் கிரைண்டர் பால்கனிக்குப் போனது. அரிசி டின் கட்டிலுக்கு அடியில் போனது. அவற்றின் இடத்தில் இரண்டு வெளிநாட்டு மெஷின்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில், மங்கி குல்லாவும் வாக்கிங் ஷூவுமாக ஜி.எம். வந்து சேர்ந்தார்.

அவர் முறையாகச் சோதித்தார் என்பதை அழகர்சாமி ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் இத்தாலி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய். பெருமூச்சு. பிறகு சுவிஸ். மறுபடி கண்ணை மூடல். பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, இரண்டிலும் இன்னொரு சுற்று. கிளம்பும்போது இரண்டு ஏலக்காய் கேட்டு வாங்கி மென்றார். நாக்கைச் சுத்தம் செய்தால்தான் அடுத்த நாள் ருசி சரியாகத் தெரியுமாம். காபி ருசி பார்ப்பதிலும் இவ்வளவு இருக்கிறதா என்று அழகர்சாமி வியந்தார். அவரும் ருசி பார்க்க வேண்டும் என்பது ஜி.எம்.மின் கட்டளை. ஒருவர் மட்டும் மதிப்பிட்டால் அது மதிப்பீடாகாது. அன்று முழுக்க அழகர்சாமியின் நெஞ்சு எரிந்தது. இரவு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஃபியூஸ் அன்றிலிருந்துதான் போக ஆரம்பித்தது.

தொழிற்சாலை மெயின்டனன்ஸில் இருந்த சுடலைமுத்து வந்து பார்த்தான். திருநெல்வேலிக்காரன், எதையும் தடிமனாகச் செய்கிறவன். மெயின் போர்டிலிருந்து தனியாகக் கனத்த ஒயர் ஒன்று இழுத்துக் கொடுத்தான். ஃபியூஸ் போவது நின்றது. பதிலுக்குக் கீழே பூவம்மாளின் போர் மோட்டார் இழுக்க மறுத்தது. ஜி.எம். காபி குடிக்கும் நேரமும் பூவம்மாள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரமும் ஒன்று.

பூவம்மாள் வீட்டுக்காரி. பின்பக்கம் நாலு மாடு, பாகலூர் தாண்டிக் கொஞ்சம் ரோஜாத் தோட்டம். கணவரிடம் தெலுங்கிலும், மாட்டிடம் கன்னடத்திலும், குடியிருப்பவர்களிடம் தமிழிலும் பேசுவாள். மூன்றிலும் அவள் சொன்னால் சொன்னதுதான்.

"என்னாங்க சார், மோட்டார் உறுமுது, தண்ணி ஏறமாட்டேங்குது. மேல மில்லு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இத்தாலியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று ஆரம்பித்து அழகர்சாமி முழுவதையும் சொன்னார். வருகிறவர் அவர் வீட்டில் வைத்துக் குடிக்கட்டுமே என்றாள் பூவம்மாள்.

மோட்டாரோடு மோத வேண்டாம் என்று அழகர்சாமி இன்வெர்ட்டரில் இணைத்துப் பார்த்தார். மெஷின் சூடாவதற்குள் இன்வெர்ட்டர் கீச்சிட்டுப் படுத்துவிட்டது. அது மின்வெட்டு ஆட்டிவைத்துக்கொண்டிருந்த வருஷம். அன்று சாயங்காலம் கரண்டு போனதும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மோகனப்ரியா மெழுகுவத்தி ஏற்றினாள். புத்தகத்தில் மெழுகு சொட்டியதைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு அப்பாவைத் திட்டியிருந்தால் தேவலை.

வாரம் முடிந்ததும் அழகர்சாமி முடிவெடுத்தார். சுவிஸ் மெஷின். சுத்தம், சுலபம். ஜி.எம். கவனமாகக் கேட்டார்.

"நல்ல முடிவு. ஆனா பவர் கட்டுல அந்த எலக்ட்ரானிக்ஸ் தாங்குமா? இன்னும் ஒரு வாரம் பாத்துருவோம்."

ஏஜென்ட்டுகளிடம் கெஞ்சி இன்னொரு வாரம் வாங்கினார். அந்த வாரத்தில் சுவிஸ் மெஷின் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீரின் படத்தைக் காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்தது. போனில் ஏஜென்ட் சொன்னபடி, போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்துவிட்டது. இனி கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கேன்கள் மாடிப்படி ஏறுவதைப் பூவம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தத் தண்ணியத்தான் நாங்களும் குடிக்கறோம், எங்க மாடுங்களும் குடிக்குது. உங்க மெஷினுக்கு மட்டும் ஆகலையாக்கும்" என்றாள்.

அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று ராஜலட்சுமிக்குத் தோன்றியது. மேலே கூப்பிட்டு உட்காரவைத்து, இத்தாலி மெஷினில் ஒரு காபி போட்டுக் கொடுத்தாள். பூவம்மாள் அந்தச் சுண்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டும் அளவுக்கு அடியில் ஏதோ கறுப்பாக இருந்தது. மீதிக் காபி வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. ஒரே வாயில் ஊற்றிக்கொண்டாள். முகம் கோணியது.

"யாருக்கு இது, ஒடம்பு சரியில்லாதவங்களுக்கா?"

ராஜலட்சுமி பதறிப்போய், பூவம்மாள் வீட்டு மாட்டுப்பாலையே எடுத்து, மெஷினின் ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு நுரை பொங்க வைத்து, சர்க்கரை தாராளமாகப் போட்டுப் பெரிய டம்ளரில் கொடுத்தாள். அது எடுபட்டது. எடுபட்டதுதான் தப்பாகிவிட்டது. அடுத்த நாள் பூவம்மாள் தன் நாத்தனார் சாந்தம்மாவோடு வந்தாள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு மாரம்மாவும் வந்தாள். பால் அவர்களே கொண்டுவந்தார்கள், அதில் குறையில்லை. காலையில் ஹாலில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் நுரை தள்ளின. மோகனப்ரியா கணக்குப் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்ப் பனியில் உட்கார்ந்து தும்மினாள்.

ஜி.எம்.முக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்கும் பால் ஊற்றுகிற சாந்தம்மா அவரைப் பார்த்துவிட்டு, நம்ம ஜெகதீஷ் சார்தானே, வீட்டம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்ததும் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்று ஆபீஸில் அழகர்சாமியைக் கூப்பிட்டு, இது கம்பெனி விஷயம், வெளியாள் யாரும் இருக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பூவம்மாளிடம் இதைச் சொல்லும் வேலை அழகர்சாமிக்கு. அவர் எவ்வளவோ மெதுவாகத்தான் சொன்னார். பூவம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, பரீட்சை முடிந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். படிக்கிற பிள்ளை இருக்கிறதே என்றுதான் அதுவரை விடுகிறாளாம்.

இதற்கிடையில் அழகர்சாமி இரண்டாவது முடிவையும் எடுத்திருந்தார். இத்தாலி மெஷின். இத்தாலிக்காரருக்கு இத்தாலி மெஷின், இதில் என்ன யோசனை. ஜி.எம்.முக்கு யோசனை இருந்தது. அந்த மனிதரின் மனைவிக்கு நெம்புகோல் இழுக்கக் கை வலித்தால் என்ன செய்வது? சரி, சுவிஸ். அப்படியானால் சிக்மகளூர்க் கொட்டையில் இன்னும் பார்க்கவில்லையே. சிக்மகளூர்க் கொட்டை வந்தது, ஜி.எம்.மே வாங்கி வந்தார். பிறகு கூர்க் கொட்டை. பிறகு இரண்டையும் கலந்து. இத்தாலிக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்டால், விசா விஷயம், கொஞ்சம் தள்ளிப்போகிறது என்பார். பொங்கல் போனது. மாசிப் பனியும் குறைந்தது. மெஷின்கள் அங்கேயே இருந்தன.

அழகர்சாமி இளைத்துப்போனார். பர்கூரிலிருந்து வந்திருந்த ஒருவர் பேக்கிங் பெட்டியின் விலையை விளக்கிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். விழித்தபோது வந்தவர் போய்விட்டிருந்தார். மேஜைமேல் தண்ணீர் டம்ளரை யாரோ மூடி வைத்திருந்தார்கள்.

ராஜலட்சுமி ஒரு காலையில் நெம்புகோலை இழுத்துப் பிடித்தபடியே சொன்னாள். "ஒரு தடவ முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன். வீட்ட இடிச்சிருவாரா?"

சொல்லலாம் என்றுதான் அவரும் தினம் நினைத்தார். ஆனால் ஜி.எம். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கும்போது அந்த முகத்தில் வருகிற அமைதியைப் பார்த்தால் வார்த்தை உள்ளேயே நின்றுவிடுகிறது. கம்பெனிக்காக ஒரு மனிதர் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்; நாம்தான் அலுத்துக்கொள்கிறோம் என்று தன்னையே நொந்துகொள்வார்.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. கேன்டீனில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜையில் குரல்கள் தணிந்தன. விஷயம் என்னவென்று சுடலைமுத்துதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். டைரிகூட வாங்காத அழகர்சாமி வீட்டில் ஏஜென்ட்டுகள் கொடுத்த ரெண்டு ஃபாரின் மெஷின் ஓடுகிறதாம். ஒயர் இழுத்தவன் என்று தன்னையும் கேட்கிறார்களாம்.

அந்த வாரமே சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து ராஜேஷ்குமார் என்ற ஆடிட் அதிகாரி வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. மெஷின்கள் வீட்டில் இருப்பது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றார் அழகர்சாமி. எந்த ஆர்டரின் பேரில் என்று கேட்டார். ஜி.எம். வாயால் சொன்னது என்றார் அழகர்சாமி. ராஜேஷ்குமார் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார்.

"உங்களப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சார் சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள ஜி.எம். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிட்டாப் போதும். இல்லன்னா நான் ரிப்போர்ட்டுல எழுதித்தான் ஆகணும்."

அழகர்சாமி நேராக ஜி.எம். அறைக்குப் போனார். ஜி.எம். முழுவதையும் கேட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். ராஜேஷ்குமாரிடம் இப்போதே ஒரு போன் செய்யலாமே என்றதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் வியர்த்திருந்ததை அழகர்சாமி கவனித்தார். அடுத்த நாள் காலையில் முதன்முறையாக ஜி.எம். காபிக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழகர்சாமி சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு ஜி.எம். வீட்டுக்குக் கிளம்பினார். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஸ்கூட்டரில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சார், என்னால் இனி முடியாது. சார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபது வருஷத்துப் பெயர், சார். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஜி.எம். வீட்டில் இல்லை. பெங்களூரில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி சரிதா. ஆண்டு விழாக்களில் தூரத்திலிருந்து வணக்கம் சொன்னதோடு சரி. அழகர்சாமி அவரோடு பேசியதில்லை. பிறகு வருகிறேன் என்று அவர் திரும்பினார். சரிதா விடவில்லை. அழகர்சாமி சார்தானே, இத்தனை நாளாக உங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன், உள்ளே வாருங்கள் என்று சோபாவில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த அன்பு அழகர்சாமியைத் தடுமாற வைத்தது. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"மேடம், அந்த இத்தாலிக் குடும்பம் எப்போ வர்றாங்கன்னு சார் ஏதாவது சொன்னாரா? தேதி மட்டும் தெரிஞ்சாக்கூடப் போதும்."

"அவங்களா? அவங்க வரலையே. தீபாவளிக்கு முன்னாடியே கேன்சல்னு மெயில் வந்துட்டதா இவரு சொன்னாரே. ஆபீஸ்ல உங்களுக்குத் தெரியாதா?"

அழகர்சாமியின் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது. தீபாவளிக்கு முன்னால். மெஷின்கள் வீட்டுக்கு வந்ததே தீபாவளிக்குப் பிறகு. வராத மனிதருக்காக இவ்வளவும் செய்ய வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவரை மாட்டிவைக்க வேண்டும்; ஏஜென்ட்டுகளின் பொருள் அவர் வீட்டில் இருக்க வேண்டும்; ஆடிட் வர வேண்டும்; அவர் இடத்துக்கு வேறு யாரோ வர வேண்டும். யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று யோசித்தார். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் மௌனத்தைச் சரிதா அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எதிர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கை கூப்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். இனிமே காபி குடிச்சா ஹார்ட் தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்ப, இவரு விடவே மாட்டாருன்னுதான் நான் அழுதேன், ஆனா தினம் காலைல உங்க வீட்டுக்கு வந்து உங்ககூட உக்காந்து மூச்சுப்பயிற்சி பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு சொட்டு தொடலையே."